படகுச் சாளரமும் உழைப்பின் நேர்மையும்

எவரும் பாராத இடத்திலும் மனிதன் நேர்மையாக உழைப்பானா? உழைப்பானாயின் எதன்பொருட்டு உழைப்பான்? இது மிகப் பழைய வினா. கிரேக்க ஞானியாகிய பிளேட்டோ தமது ‘குடியரசு’ என்னும் நூலிலே லிதிய நாட்டு இடையன் ஒருவனின் கதையைச் சொல்கின்றார். அணிந்தவனைப் பிறர் கண்ணுக்குத் தோன்றாமல் மறைக்கும் மோதிரம் ஒன்று அவன் கையிற் கிடைக்கின்றது. கிடைத்ததும் அவன் அரண்மனை புகுகின்றான். அரசியைத் தன்வசப்படுத்தி, அரசனைக் கொன்று, ஆட்சியையும் கவர்ந்துகொள்கின்றான். கைகீசின் மோதிரம் என்று பிற்காலத்தார் இதனைக் குறிப்பிடுவர். அகப்படமாட்டோம் என்ற உறுதி கிடைத்துவிட்டால் நீதிமானும் அநீதியாளனும் ஒரே வழியிலேதான் செல்வர் என்பது இக்கதையை எடுத்துரைக்கும் கிளாக்கனின் வாதம்.

வகுப்பறையிலே இக்கதையைச் சொல்லும்போதெல்லாம் மாணவர் சிரிப்பர். அரண்மனையும் மாயமோதிரமும் அவர்களுக்கு வேடிக்கை. எமக்கும் நெடுங்காலம் அது வேடிக்கையாகவே இருந்தது. ஆனால் அம்மோதிரம் ஒருநாள் எமது விரலிலும் ஏறிற்று. அது நிகழ்ந்தது அரண்மனையில் அன்று. குறிகட்டுவான் இறங்குதுறையிலே, பழைய மரப்படகு ஒன்றின் சாளரத்துக்கு அக்கிரிலிக் தகடு வெட்டிக்கொண்டிருந்த வேளையில். சாளரம் வெட்டும் விபரங்கள் இக்கட்டுரையில் சற்று விரிவாகவே வரும். வாசகர் பொறுத்துக்கொள்ளல் வேண்டும். வேலையின் விபரம் அறியாது வேலையின் அறத்தைப் பேசுவது எமது ஆசிரியர் குலத்தின் நீண்டநாள் வியாதி.

நெடுந்தீவுப் பாடசாலைகளிலே கற்பிக்கும் ஆசிரியரிற் பலர் கடல் கடந்து போய்வருபவர்கள். குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒருமணி நேரப் பயணம். சோளகக் காற்று எழும் மாதங்களில் அந்த ஒருமணி நேரம் ஒரு யுகமாக நீளும். நாம் அங்கே கற்பித்த காலத்திற் பெரும்பாலும் ஏறிச்சென்றது தனியார் படகு ஒன்று. அதற்கும் எமக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கீழறையிலே இருபுறமும் பலகை இருக்கைகள். அவற்றுக்கு மேலே பக்கத்துக்கு மூன்றாகச் சிறு சாளரங்கள். ஒருநாள் சீமெந்து மூடைகளோடு ஏற்றிய கம்பிக் கட்டொன்று சரிந்து, காற்றுப் பக்கத்து நடுச் சாளரத்தின் கண்ணாடியைத் தகர்த்துவிட்டது. சிதறிய துண்டொன்று ஒரு மூதாட்டியின் முன்கையைக் கிழித்தது. படகுக்காரர் ஒட்டுப்பலகை ஒன்றை ஆணியடித்து வாயை மூடினார். அதன்பின் ஒவ்வோர் அலைக்கும் பலகையின் விளிம்பால் நீர் சீறிற்று, பிள்ளைகளின் கொப்பிகள் நனைந்தன, கீழறை இருண்டது. தொடுவானத்தைக் காணாது ஆடும் அறையுள் இருப்பவர்க்கு வயிறு குமட்டுதல் இயல்பு. நடுச் சாளரத்தருகே அமர்வதற்கு எல்லோரும் பின்னின்றார்கள். கடைசியாக வருபவர்க்கே அவ்விடம் கிடைக்கும்.

கண்ணாடியை மீண்டும் போடுவதில்லை என்று படகுக்காரர் முடிவுசெய்தார். மூதாட்டியின் கையிலிருந்து வடிந்த இரத்தத்தை அவர் மறக்கவில்லை. யாழ்ப்பாண நகரிலே பெயர்ப்பலகை செய்யும் கடையொன்றில் ஆறு மில்லிமீற்றர்த் தடிப்புள்ள அக்கிரிலிக் தகட்டின் எச்சத்துண்டு ஒன்று மலிவாக அகப்பட்டது. இரண்டு சாளரங்களுக்குப் போதுமான துண்டு. ஆனால் அதனை வெட்டிப் பொருத்துவதற்கு ஆள் கேட்ட கூலி, தகட்டின் விலையிலும் அதிகம். ஆகவே தாமே செய்வதென்று தீர்மானித்தார். தன் வேலையைத் தானே செய்துகொள்ளல் மேனாடுகளிலே விடுமுறைப் பொழுதுபோக்காக வளர்ந்திருக்கின்றது. உல்லாசப் படகுகளின் சாளரங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் மாற்றிக்கொள்வோர் அங்கே உளர். எமது துறைகளில் அதற்குப் பெயர் பொழுதுபோக்கு அன்று; பணமின்மை. எனினும் வேலை ஒன்றே. தகடு செல்வனென்றும் வறியவனென்றும் பார்த்து வெடிப்பதில்லை.

அந்தச் சனிக்கிழமை நாமும் கைகொடுக்கச் சென்றோம். நன்றியுணர்வு ஒரு காரணம். கைவேலையில் ஆசிரியரும் சளைத்தவரல்லர் என்று காட்டும் சிறு ஆணவமும் கூடவே வந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அக்கிரிலிக் தகட்டின் சரித்திரம் தனியே எழுதத் தக்கது. 1930களிலே ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அது விற்பனைக்கு வந்தது. பிளெக்சிகிளாஸ், பேர்ஸ்பெக்ஸ் என்பன அதன் வியாபாரப் பெயர்கள். இரண்டாம் உலக யுத்தத்திலே போர்விமானிகளின் தலைக்கு மேலே கவிந்த ஒளிபுகு கூடு இதனாலானது. குண்டுபட்டுச் சிதறிய கூட்டின் சிம்புகள் விமானிகளின் கண்ணுக்குள்ளே தங்கியும் கண்ணைப் புண்ணாக்காதிருந்ததைக் கவனித்தார் ஹரல்ட் ரிட்லி என்னும் இலண்டன் வைத்தியர். 1949 நவம்பர் 29 ஆம் திகதி, கண்புரை கொண்ட ஒருவரின் கண்ணில் அப்பொருளாலேயே செய்த வில்லையை அவர் பொருத்தினார். யுத்தத்தின் அழிவிலிருந்து மனிதகுலம் மீட்டெடுத்த நன்மைகள் மிகச் சில. அவற்றுள் இதுவும் ஒன்று. நிற்க.

தகட்டின் குணங்களை அறியாதவன் அதனைக் கண்ணாடியென்றே எண்ணுவான். கண்ணாடியின் எடையில் ஏறக்குறையப் பாதிதான் இதற்கு உண்டு. தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பங்கை உள்ளே விடும். உடைந்தாலும் ஊசிகளாகச் சிதறாது. ஆனால் கண்ணாடியைப் போல ஏறத்தாழ எட்டு மடங்கு வெப்பத்தால் விரியும். அறுபது சென்ரிமீற்றர் நீளமான தகடு, விடியலுக்கும் நண்பகலுக்கும் இடையில் இருபத்தைந்து பாகை சூடேறினால், ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேலே நீளும். நீளுவதற்கு இடமில்லாவிட்டால் அது தனக்குள்ளேயே அழுத்தத்தைச் சேர்த்து வைக்கும். அழுத்தம் வெளியே தெரியாது. தகடு பளிங்குபோலத் தோன்றும். பல மாதங்கள் சென்றபின், காற்றும் அலையுமில்லாத ஒரு நாளிலே வெடிக்கும். வெட்டியவனுடைய பிழை, அவன் முகமும் மறந்துபோன காலத்திலே வெளிப்படும். இக்கட்டுரையின் வினாவுக்கு இத்தகடு ஏற்றதாயிருப்பது இக்குணத்தினாலேதான்.

முதல் வேலை மாதிரி எடுத்தல். உடைந்த கண்ணாடியின் துண்டுகளைப் பொருத்திவைத்து அவ்வளவைத் தகட்டிற் கீறலாமே என்றோம். படகுக்காரர் மறுத்தார். பழைய கண்ணாடி முதன்முதலிற் சரியாகத்தான் வெட்டப்பட்டது என்பதற்கு யார் சாட்சி? அன்றியும் மரம் முப்பது, நாற்பது ஆண்டுகளில் ஊறியும் காய்ந்தும் முறுகியிருக்கின்றது. இடப்பக்கத்து வாயும் வலப்பக்கத்து வாயும் இன்று ஒன்றல்ல. பழைய கண்ணாடியை அளவாகக் கொண்டால் பழைய பிழையும் கூடவே வந்து சேரும். அவர் தடித்த கடதாசியைச் சாளர வாயின்மேல் விரித்து, விளிம்பைப் பென்சிலின் பக்கத்தால் உரசி எடுத்தார். அதனை மட்டையில் ஒட்டி வெட்டி, வாயிலே வைத்துப் பார்த்தார். மூன்றுமுறை சீவித் திருத்தினார். மட்டை சட்டத்துள்ளே சற்றுத் தளர்வாக அமர்ந்தபின்னரே தகட்டைத் தொட்டார். காலை நேரம் முழுவதும் மட்டையோடு கழிந்தது. எமக்குப் பொறுமை போயிற்று. விலையுயர்ந்த தகட்டிற் செய்யும் பிழையை விலையற்ற மட்டையிற் செய்து தீர்ப்பதே அவ்வேலையின் நுட்பம் என்பதைப் பிற்பாடுதான் உணர்ந்தோம்.

பின்னர் வெட்டுதல். தகட்டின்மேல் ஒட்டிவரும் காப்புக் கடதாசியை உரிக்காமல் அதன்மேலேயே கோடு கீறவேண்டும். மூலைகளைக் கூராக விடலாகாது. ஒரு குவளையின் வாயை வைத்து வளைத்து வரைந்தார். கூரிய மூலையிலேதான் வெடிப்புத் தொடங்கும் என்றார். இருபுறமும் பலகையால் தகட்டைத் தாங்கி, பல் நெருங்கிய அலகு பூட்டிய மின்வாளை மெதுவாக ஓட்டினார். விரைவாக ஓட்டினால் வாளின் சூட்டிலே தகடு உருகி, அலகு கடந்துசென்ற வெட்டு அதன் பின்னாலேயே மீண்டும் ஒட்டிக்கொள்ளும். வெட்டியபின் விளிம்பை அரத்தாலும், நீர் தோய்த்த அரத்தாளாலும், முரடிலிருந்து மென்மைக்கு ஒவ்வொன்றாகத் தேய்த்தார். அந்த விளிம்பு சட்டத்துள்ளே மறையப்போவது. எவர் கண்ணிலும் படாதது. அதை ஏன் இவ்வளவு தேய்க்கவேண்டும் என்று கேட்டோம். வாளின் பல் பதித்த ஒவ்வொரு கீறலும் வெடிப்பின் வித்து என்பதே விடை. அழகுக்காகச் செய்யும் வேலையென்று நாம் நினைத்தது, பாரம் தாங்குவதற்காகச் செய்யும் வேலையாயிற்று.

துளையிடும் வேலையை எம்மிடம் ஒப்படைத்தார். இரும்பிலே துளையிடும் அலகு அக்கிரிலிக்கைக் கவ்வி இழுக்கும். ஆகையால் அலகின் வெட்டுமுனையைத் தாமே உரசி மழுக்கி வைத்திருந்தார். தகட்டின் அடியிலே மரத்துண்டு வைக்கவேண்டும். அழுத்தலாகாது. ஐந்து மில்லிமீற்றர்த் திருகாணிக்கு ஏழு மில்லிமீற்றர்த் துளை. தகடு நீளவும் சுருங்கவும் இடம் வேண்டுமன்றோ. “மாஸ்ரர், அமத்தாதேங்கோ. அது தன்ரை பாட்டிலை போகட்டும்,” என்று சொல்லிவிட்டு அவர் சட்டத்தின் பழைய பசையைச் சுரண்டப் போனார்.

பதினொரு துளைகள் நன்றாக வந்தன. பன்னிரண்டாவதிலே எமது கை அவசரப்பட்டது. வெயிலும் ஏறியிருந்தது. அலகு மறுபுறம் வெளிப்படும் கணத்தில் ‘டக்’ என்றொரு சிறு ஓசை. குனிந்து பார்த்தோம். துளையின் ஓரத்திலிருந்து தலைமயிர் அளவான ஒரு கீறு, நெல்மணியின் நீளத்துக்கு ஓடியிருந்தது. ஒரு பக்கமாகச் சரித்துப் பார்த்தாற்றான் தெரியும். சட்டம் ஏறினால் அதுவும் தெரியாது.

நாம் அப்பொழுது நிமிர்ந்து பார்த்தோம். படகுக்காரர் முதுகு காட்டி நின்றார். அவருடைய பையன் தண்ணீர் எடுக்கப் போயிருந்தான். துறையிலே வேறெவருமில்லை. கைகீசின் மோதிரம் எவ்வளவு இலகுவானது என்பதை நாம் அன்று அறிந்தோம். அரசனைக் கொல்ல அது தேவையில்லை. வாயைத் திறவாதிருந்தாற் போதும்.

பிற்பகலிலே தகடு பொருத்தப்பட்டது. சட்டத்தைச் சுற்றிச் சிலிக்கோன் பசையிட்டு, தகட்டை அமர்த்தி, திருகாணிகளை மெல்லமெல்ல முடுக்கினார். முற்றாக முடுக்கினாற் பசை முழுவதும் வெளியே பிதுங்கிவிடும். சற்றுத் தடிப்பாக அது உள்ளே நின்று இறுகினாற்றான் தகடு அசையும்போது கூடவே அசையும். வெளியே வழிந்த பசையைத் துடைப்பதற்குப் பெற்றோல் தோய்த்த துணியை எடுத்தவர், பாதிவழியிலே கையை நிறுத்திவிட்டார். அழுத்தமேறிய தகட்டிற் பெற்றோலோ தின்னரோ பட்டாற் சிலந்திவலைபோல நுண்பிளவுகள் தோன்றும். அவருக்கும் களைப்பு, பெற்றோல் கையருகே இருந்தது. எனினும் பையனைக் கூப்பிட்டுச் சவர்க்காரத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நாம் பார்த்துக்கொண்டு நின்றோம். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

திங்கட்கிழமை காலையிற் கீழறை ஒளிமயமாயிருந்தது. எல்லோரும் சாளரத்தைப் பாராட்டினர். எமக்கும் ஒரு பங்கு பாராட்டுக் கிடைத்தது. கடைசியாக வருபவர்க்கென ஒதுங்கியிருந்த அந்த இருக்கை இப்போது எல்லோரும் விரும்பும் இருக்கையாயிற்று. நாம் மட்டும் எதிர்ப்பக்கத்தில் அமர்ந்தோம். சிந்தித்துச் செய்த செயல் அன்று அது. கால்கள் தாமாகவே அங்கே சென்றன. நடுச் சாளரத்தின் கீழே அந்த வருடம் நியமனம் பெற்ற இளம் ஆசிரியை ஒருவர் அமர்ந்து, தலையைத் தகட்டிலே சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டார். படகு வெளிக்கடலுக்கு வந்ததும் அலை தகட்டின்மேல் அறைந்தது. எமது கண்கள் பன்னிரண்டாவது திருகாணியை விட்டு அகலவில்லை.

மாலையில் இறங்கும்போது படகுக்காரரிடம் சொன்னோம். அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் தகட்டை உடைத்ததற்காக அன்று. “அண்டைக்கே சொல்லியிருந்தால் மற்றத் துண்டிலை அப்பவே வெட்டியிருப்பன். இப்ப பசையெல்லாம் கிண்டி எடுக்கவேணும். உங்களை நான் என்ன செய்யப்போறன், மாஸ்ரர்? அடிக்கப்போறனே?” என்றார். அடுத்த சனிக்கிழமை எச்சத்துண்டின் மறுபாதியில் வேறொரு தகடு வெட்டப்பட்டது. அந்தப் பாதி, கறைபிடித்து மங்கிப்போன இன்னொரு சாளரத்துக்கென அவர் ஒதுக்கிவைத்திருந்தது. அச்சாளரம் அப்படியே நின்றுபோயிற்று.

இனி வினாவுக்கு வருவோம். படகுக்காரர் எவரும் காணாத விளிம்பைத் தேய்த்தது எதனால்? அறத்தினாலா, சுயநலத்தினாலா? ஜெர்மானிய தத்துவஞானி கான்ற், 1785 இல் வெளிவந்த தமது அறவியல் நூலிலே ஒரு கடைக்காரனை உதாரணம் காட்டுகின்றார். அவன் விபரமறியாத குழந்தைக்கும் சரியான விலைக்கே பொருள் கொடுக்கின்றான். ஆனால் அது வியாபாரம் கெட்டுவிடலாகாது என்னும் கணக்கினாலே எனின், அச்செயலுக்கு ஒழுக்கப் பெறுமதி இல்லை என்பது கான்றின் முடிபு. இவ்வளவுகோலின்படி எமது படகுக்காரரின் பெறுமதி ஐயத்துக்குரியது. சாளரம் உடைந்தால் நனைவது அவருடைய படகு; போவது அவருடைய பயணிகளின் நம்பிக்கை; கீழறையிலே சிலவேளை இருப்பது அவருடைய பிள்ளைகள். செய்தவரும், செலவழித்தவரும், பலனை அனுபவிப்பவரும் ஏறக்குறைய ஒருவரே.

கான்றின் கேள்வி, செய்பவனுடைய ஆத்மாவைப் பற்றிய கேள்வி. சாளரத்தின் கீழே தலைசாய்த்து உறங்கும் ஆசிரியையின் கேள்வி வேறு: நீர் உள்ளே வருமா, வராதா? உள்ளத்தைத் துருவும் விசாரணையை நாம் இகழவில்லை. ஆனால் சமுதாய அறம் பேசுவோர் தொடங்கவேண்டிய இடம் பயணியின் இருக்கை என்பதே எமது எண்ணம். அவ்விருக்கையிலிருந்து பார்த்தால், நல்ல நோக்கமுள்ள ஆசிரியர் போட்ட துளை வெடித்தது; நோக்கம் ஐயத்துக்குரிய படகுக்காரர் தேய்த்த விளிம்பு நின்றது.

அப்படியாயின் சுயநலமே போதுமா? போதாது. பெற்றோல் துணியை எடுத்த அந்தக் கையை நினைத்துப் பாருங்கள். தன் சொந்தப் படகிலேயே, விளைவு தெரிந்திருந்தும், மாலைக் களைப்பிலே மனிதனின் கை குறுக்குவழியை நாடுகின்றது. அன்று நின்றது, எல்லா நாளும் நிற்கும் என்று யார் சொல்வார்? இன்றைய மனிதன் ஆறு மாதங்களுக்குப் பின்னர் வரும் தன்னையே ஓர் அந்நியன்போல நடத்த வல்லவன். உடனடியாகத் தண்டிக்கும் பொருளிடம் நாம் எல்லோரும் நேர்மையாகவே நடக்கின்றோம். நெருப்பை எவரும் ஏமாற்றுவதில்லை. தாமதித்துத் தண்டிக்கும் பொருளிடந்தான் சோதனை.

செய்பவனும் அனுபவிப்பவனும் வெவ்வேறு மனிதராகும்போது இச்சோதனை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதே தகடு இன்னொரு தீவிலே சாட்சி சொல்லியிருக்கின்றது. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே மான் தீவு என்றொரு தீவு உண்டு. அதன் தலைநகராகிய டக்ளஸ் நகரின் கடற்கரையிலே 1971 இல் சமர்லாண்ட் என்னும் பெரிய களியாட்ட மண்டபம் திறக்கப்பட்டது. குளிர்நாட்டு மக்கள் மழைக்காலத்திலும் வெளிச்சத்திலே உல்லாசமாயிருப்பதற்காக அதன் கூரையிலும் முன்சுவரிலும் அக்கிரிலிக் தகடுகளைப் பதித்தனர். தீத்தாங்கும் தன்மையைக் கோரும் கட்டட விதி ஒன்று அதன்பொருட்டுத் தளர்த்தப்பட்டது. 1973 ஆகஸ்ட் 2 ஆம் திகதி மாலை, கட்டடத்தின் வெளியே இருந்த சிறு கூடாரமொன்றிற் பற்றிய தீ, சுவரின் உட்பொள்ளலுக்குள் எவர் கண்ணுக்கும் தெரியாமல் வளர்ந்து மண்டபத்துள்ளே பாய்ந்தது. தகடுகள் பற்றி எரிந்தன. வெளியேறும் கதவுகளிற் சில பூட்டப்பட்டிருந்தன. 50 பேர் மாண்டனர்.

விசாரணைக் குழு 1974 இல் அறிக்கை வெளியிட்டது. கொடியவன் என்று சுட்டுவதற்கு ஒருவரும் இல்லை. பலருடைய பல சிறு பிழைகளும், ஒருவர்க்கொருவர் தெரிவிக்காத செய்திகளுமே காரணம் என்பது அதன் சாரம். இதைப் படித்து ஆத்திரப்பட்டோர் உளர். நாமும் முன்னர் அவ்வாறே ஆத்திரப்பட்டோம். முதலாளித்துவம் தன் கொலைக்குக் கொலையாளி இல்லையென்று தீர்ப்பளித்துக்கொண்டது என்று எழுதியும் இருப்போம். அதில் உண்மை இல்லாமலில்லை. இலாபத்தை எதிர்பார்த்தவர்கள் எவரும் அந்த மண்டபத்தின் மேல்மாடியிலே பிள்ளைகளோடு இருக்கவில்லை. ஆனால் குறிகட்டுவானுக்குப் பின்னர் அவ்வறிக்கையை வேறுவிதமாகவும் படிக்கின்றோம். தெரிவிக்காத செய்திகள் என்ற இடத்தில் எமது பன்னிரண்டாவது துளை நினைவுக்கு வருகின்றது. ஒவ்வொரு மேசையிலும் யாரோ ஒருவர் ‘டக்’ என்ற சிறு ஓசையைக் கேட்டிருக்கலாம். நிமிர்ந்து பார்த்திருக்கலாம். எவரும் பார்க்கவில்லை என்று கண்டு வேலையைத் தொடர்ந்திருக்கலாம்.

இங்கேதான் எமது தோழர்களோடு சற்று வாதாட விரும்புகின்றோம். உழைப்பின் பலன் உழைப்பவனுக்கு அந்நியமாகிப் போவதே கேட்டின் மூலம் என்று 1844 இல் மார்க்ஸ் எழுதிவைத்தார். தன்னுடையதல்லாத தகட்டை, தான் ஏறாத படகுக்கு, தான் அறியாத பயணிக்காக வெட்டுபவன் விளிம்பை ஏன் தேய்க்கவேண்டும்? உடைமை மாறினால் இது மாறும் என்கின்றோம். மாறும்; ஆனால் தானாகவே மாறாது. பொதுவுடைமையான பட்டறையிலும் வெயில் ஏறும், கை அவசரப்படும், தகடு வெடிக்கும். அப்போது அத்தொழிலாளி வாயைத் திறப்பானா என்பதே கேள்வி. அது அவன் மனச்சாட்சியை மட்டும் பொறுத்ததன்று. வாயைத் திறப்பதற்கு அவன் என்ன விலை கொடுக்கவேண்டும் என்பதையும் பொறுத்தது.

எமது மௌனத்தை எடுத்துக்கொள்வோம். சொன்னால் எமக்கு நேரக்கூடிய நட்டம் என்ன? சிறிது வெட்கம், அவ்வளவுதான். அந்த அற்ப விலையைக் கொடுக்கவும் இரண்டு நாட்கள் தயங்கினோம். அதே துளையை நாட்கூலிக்கு வந்த இளைஞன் ஒருவன் போட்டிருந்தால்? தகட்டின் விலை அவன் கூலியிலே கழிக்கப்படும். மறுநாள் வேலைக்கு அழைக்கப்படமாட்டான். வீட்டிலே அடுப்பு எரியாது. அவன் மௌனமாயிருந்தால், அவனுக்கு நேர்மை போதிக்க எமக்கு என்ன அருகதை? குற்றத்தை ஒப்புக்கொள்பவனைத் தண்டித்து, மறைப்பவனுக்குக் கூலி கொடுக்கும் முதலாளி, சட்டங்களின் கீழே வெடிப்புகளைத் தானே உற்பத்தி செய்கின்றான். பதவிக்கும் பெயருக்கும் அஞ்சிப் பிழையை மறைக்கும் அதிகாரியும், தலைமையை நோக்கி ஒரு சொல்லும் சொல்லவியலாத கட்சித் தொண்டனும் இக்கணக்கிலே சேர்ந்தவர்களே. பின்னையதைக் கூறுவதிற் சில தோழர்களுக்கு வருத்தமிருக்கலாம். இருக்கட்டும்.

இதனால் எமது குற்றம் குறைந்துவிட்டது என்று கொள்ளவேண்டாம். கூடியதென்றே கொள்கின்றோம். கூலி கழிக்கப்படும் என்ற அச்சம் இளைஞனுக்கு ஓரளவு நியாயம் ஆகலாம். எமக்கு அவ்வித நியாயம் எதுவுமில்லை. வாழ்க்கை பாதுகாப்பானவர்களிடம் கேட்கவேண்டிய நேர்மையின் அளவு, வாழ்க்கை தள்ளாடுபவர்களிடம் கேட்கும் அளவிலும் பன்மடங்காதல் வேண்டும். எமது சமுதாயம் இதனைத் தலைகீழாக்கி வைத்திருக்கின்றது. கூலியாளின் பையைத் தடவிப் பார்த்தே வாயிலில் விடுகின்றோம். கட்டட வரைபடத்தில் ஒப்பமிடுபவரை ஆசனமிட்டு வரவேற்கின்றோம்.

“அடிக்கப்போறனே?” என்று படகுக்காரர் கேட்ட கேள்வி எம்மை நெடுநாள் விடவில்லை. கேட்டவருக்கு அது கேலி. ஆனால் எமது தொழிலிலே கணக்குப் பிழைத்த பிள்ளைக்கு அடி விழுந்த காலம் மிகத் தூரத்திலில்லை. இன்று பிரம்பு குறைந்திருக்கின்றது, ஏளனம் குறையவில்லை. பிழையான விடையை எழுதிய பிள்ளை, நாம் அருகிலே வரும்போது கொப்பியின்மேற் கையை வைத்து மறைப்பதை எத்தனை தடவை கண்டிருக்கின்றோம்! அந்தக் கை மறைப்பது பிழையையன்று என்று இப்போது தோன்றுகின்றது. பிழை எங்கே தொடங்கிற்று என்று இருவரும் சேர்ந்து பார்க்கக்கூடிய அந்த இடத்தையே அது மறைக்கின்றது. அவ்வருடம் எமது வகுப்பிலே ஒரு சிறு பரீட்சை செய்தோம். வீட்டுக்கணக்கிலே தன் பிழையைத் தானே கண்டு வட்டமிட்டு வருபவருக்கும், சரியான விடை எழுதியவருக்குரிய புள்ளியையே கொடுத்தோம். முதற் கிழமை எவரும் வட்டமிடவில்லை. இது ஒரு பொறி என்றே நினைத்தார்கள். மூன்றாம் கிழமை ஒரு பெண்பிள்ளை வட்டமிட்டாள். ஆண்டிறுதியில் வகுப்பில் ஏறத்தாழப் பாதிப்பேர் வட்டமிட்டனர். மற்றப் பாதிப்பேர் மறைத்துக்கொண்டேயிருந்தனர். பரீட்சைப் பெறுபேறு உயர்ந்ததா என்று கேட்டார் அதிபர். உயரவில்லை என்றே சொன்னோம்.

நெடுந்தீவை விட்டு நாம் மாற்றலாகி வந்து சில வருடங்களாகின்றன. அண்மையில் ஓர் அலுவலாகக் குறிகட்டுவானுக்குப் போனபோது அதே படகிற் பயணம் செய்தோம். நடுச் சாளரம் தெளிவாகவே இருக்கின்றது. அலை கழுவிய தகட்டினூடாகத் தொடுவானம் தெரிகின்றது. மங்கிய சாளரம் மேலும் மங்கியிருக்கின்றது. படகை விற்கப்போவதாகவும், வெளியூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்துப் போனதாகவும் படகுக்காரர் சொன்னார். மற்றச் சாளரங்களின் வயதை அவரிடம் சொன்னீர்களா, அண்ணை என்று கேட்டோம்.

“கேட்டால் சொல்லுவன், மாஸ்ரர்,” என்றார்.

படகு கரையை அணைந்துகொண்டிருந்தது. அவர் கயிற்றை எடுத்து எறிவதற்காக முன்னே போனார். நாம் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.